நல்ல நேரம் குழாயில் போன கதை

இந்தா, ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க தாயி. எனக்குக் காத்து ஒத்துக்கிடாது, காதுல இரைச்சல் வந்துரும். மதுரைக்குத்தான? நானும் மதுரைக்குத்தான். அருப்புக்கோட்டையில ஏறுனா மதுரை வர்ற வரைக்கும் யார்கிட்டயாச்சும் பேசிக்கிட்டே வரணும் எனக்கு. இல்லேன்னா குமட்டும்.

அது என்ன கையில, வெள்ளையா? பேஸ்ட்டா? குக்கர் ஆவி அடிச்சிருச்சா! பாத்தியா, பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். நல்ல வேலை பண்ணுன. பேஸ்ட்டு போட்டது நல்ல வேலைங்கிறேன். என் தம்பி மக மட்டும் இந்த பஸ்ல இருந்தான்னு வையி, உன்னைய இறக்கி ஏதாச்சும் ஒரு குழாயடியில கொண்டுபோய் நிறுத்தியிருப்பா. அவ அப்பிடி நிறுத்துனதாலதான் ஒரு தங்கமான சம்பந்தம் கைய விட்டுப் போச்சு. முழுசாக் கேளு. கேட்டுட்டு நீயே நியாயம் சொல்லு.

என் பேரு தங்கபுஷ்பம். எனக்கு ஒரே தம்பி, தனுஷ்கோடி. அவனுக்கு ஒரே மக, கோகிலவாணி. பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சரா இருக்கா. அவளுக்கு மாப்பிள்ளை பாக்குற பொறுப்பு என்னுது. யாரும் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டேன். வேற யாரு பாக்குறது? என் தம்பி வாயைத் தொறக்க மாட்டான். தம்பி பொண்டாட்டி சந்திரலீலா வாயைத் தொறந்தா நான் விட மாட்டேன்.

திருமங்கலத்துல ஒரு வரன் வந்துச்சு. பையன் பேரு ராஜ்மோகன். பேங்குல ஆபீசர். போட்டோவப் பாத்த நிமிஷமே நான் முடிவு பண்ணிட்டேன். சட்டைன்னா அப்பிடி ஒரு சட்டை தாயி! ஒரு சுருக்கம் இல்ல. காலர் நிக்கிது பாரு, கோயில் கோபுரமாட்டம். சட்டைய இப்பிடி வச்சிருக்கிறவன் பொண்டாட்டிய எப்பிடி வச்சிருப்பான்னு நானே சந்திரலீலாகிட்டச் சொன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா.

ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாக. பிடிச்சிருந்தா அன்னைக்கே தட்டை மாத்திக்கிடலாம்னு பேச்சு. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிடிச்சிரும்ல, அதுக்குள்ள முடிக்கணும். நான் தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூவு எல்லாத்தையும் காலையிலயே அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வச்சிட்டேன். ஒரு குறை சொல்ல முடியாது.

கார்ல வந்து இறங்குனாக. பையன், பையனோட அப்பா, அம்மா. அப்பா பெரிய மனுஷன், வந்ததும் நல்ல நாற்காலியாப் பாத்து உக்காந்துட்டாரு. அம்மா பேரு கனகமணி. ஒல்லியா, சத்தமே இல்லாத பொம்பளை. "இங்க உக்காரு"ன்னு வீட்டுக்காரர் சொன்னா உக்காருது. "அங்க தள்ளிக்க"ன்னு மகன் சொன்னாத் தள்ளிக்கிடுது. எனக்கு மனசு குளுந்து போச்சு. இப்பிடி வாயில்லாத மாமியார் கிடைக்க எந்தப் பொண்ணுக்குக் குடுத்து வச்சிருக்கு!

கோகிலா காபித் தட்டோட வந்தா. காபி எப்பிடி இருக்கணும்னு உள்ள நான்தான் நின்னு சொல்லிருந்தேன். ஒரு தடவ கொதிச்சதை மறுபடி கொதிக்க வைக்கச் சொன்னேன். வந்தவுகளுக்கு ஆறுன காபியக் குடுத்தா நம்மள என்ன நினைப்பாக? ஆவி பறக்கணும். நாக்கு பழுக்கணும்.

கனகமணி டம்ளரைக் கையில எடுத்துச்சு. அந்த நேரம் நான் பிள்ளையோட பெருமையச் சொல்லிக்கிட்டிருந்தேன். "எங்க கோகிலா வேலை பாக்குற பள்ளிக்கூடம் இருக்கே, இம்புட்டுப் பெருசு"ன்னு கையை இப்பிடி... இப்பிடி விரிச்சேன்...

ஐயையோ, கண்டக்டர் தம்பி, மூக்குலயா பட்டுச்சு? கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு மதுரை குடுங்க.

பாரு தாயி, இந்தத் தம்பி குனிஞ்சு நின்னா அது என் குத்தமா? அது மாதிரித்தான். என் கை என் பாட்டுக்கு விரிஞ்சது. அந்தம்மா டம்ளரைச் சரியா அங்க கொண்டாந்து வச்சிருந்தா நான் என்ன செய்ய? காபி அம்புட்டும் வலது கைமேல. மணிக்கட்டு வரைக்கும் ஓடிருச்சு.

கத்தணுமே? கத்தல. "ஸ்ஸ்"னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். நான்தான் கத்துனேன்.

மகன் உடனே எந்திரிச்சிட்டான். பெத்தவ மேல பாசம் இல்லாமலா? "ஒரு டம்ளரை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதாம்மா உனக்கு? போற எடத்துல எல்லாம் மானத்தை வாங்குற"ன்னான். சொல்லிட்டுத் தன் சட்டையில பட்டிருச்சான்னு குனிஞ்சு பாத்தான். படல. நல்ல வேளை. வீட்டுக்காரர் பெரிய மனுஷன்னு சொன்னேன்ல, பதட்டமே கிடையாது. கேசரியச் சாப்பிட்டுக்கிட்டே, "இட்லி மாவு இருந்தா அப்பிவிடுங்க, நல்லது"ன்னாரு.

நான் ஓடுனேன். பாத்ரூம்ல இருந்து பேஸ்ட்டை எடுத்தாந்து, புதுசு, பிரிக்காதது, அந்தம்மா கையைப் பிடிச்சுப் பூசுனேன். சந்திரலீலா ஒரு பக்கம் ஐஸ் தட்டோட வந்து நிக்கிறா. தம்பி தேங்காண்ணெய் பாட்டிலோட வந்து நிக்கிறான். மூணு பேரும் மூணு பக்கமும் அந்தக் கையைப் பிடிச்சிருக்கோம். இதுக்கு மேல ஒரு குடும்பம் என்ன உபசாரம் பண்ண முடியும், சொல்லு?

கோகிலா தட்டைக் கீழ வச்சா. பட்டுச்சேலை முந்தானைய இடுப்புல சொருகுனா. பொண்ணு பாக்க வந்த சபையில! "எல்லாரும் கையை விடுங்க"ன்னா. பள்ளிக்கூடத்துல பேசுற குரல்ல சொன்னாளா, நாங்களும் பிள்ளைக மாதிரி விட்டுட்டோம். "வாங்கம்மா"ன்னு அந்தம்மாவக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் குழாயடிக்குப் போயிட்டா.

நான் பின்னாலயே போனேன். நான் பூசுன பேஸ்ட்டு அம்புட்டும் தண்ணியில போகுது. பதறிட்டேன். "ஏண்டி, நல்லா அப்பி விட்டதை ஏன் கழுவுற?"

"அத்தை, காபி கொட்டி முடிஞ்சிருச்சு, சூடு இன்னும் முடியல. மண்சட்டிய அடுப்புல இருந்து இறக்குனப்புறமும் குழம்பு கொதிக்கும்ல? தோலுக்குள்ள அப்பிடித்தான் இருக்கு. மேல பேஸ்ட்டைப் பூசி மூடுனா அந்தச் சூடு எங்கிட்டுப் போகும்?"

"அப்ப ஐஸாச்சும் வையி."

"அது வேற மாதிரி தோலைக் கெடுக்கும் அத்தை. வெறும் தண்ணி. ஓடிக்கிட்டே இருக்கணும். இருபது நிமிஷம்."

இருபது நிமிஷம்! தாயி, எங்க ஊரைப் பத்தி உனக்குத் தெரியுமோ என்னமோ. நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தடவ வந்தா அன்னைக்குத் திருவிழா. குடத்துல பிடிச்சு, அண்டாவுல பிடிச்சு, டேங்க்குல ஏத்தி, பொன்னு மாதிரி வச்சிருக்கோம். அந்தத் தண்ணிய ஒரு ஆளோட புறங்கையில திறந்து விட்டுட்டு நிக்கிறா! கடிகாரத்தைப் பாத்தா நாலு தாண்டிருச்சு. உள்ள தட்டு காத்துக்கிட்டிருக்கு.

அதோட விட்டாளா? அந்தம்மா கையில கிடந்த வளையலையும் மோதிரத்தையும் சோப்பு போட்டு ஒவ்வொண்ணாக் கழட்டுறா. நல்ல காரியம் பேச வந்த சுமங்கலி தாயி! கேட்டா, கை வீங்குனா அப்புறம் கழட்ட முடியாதாம், இறுக்கிப் பிடிச்சுக்கிடுமாம். எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா.

நான் உள்ளேயும் வெளியேயும் நடந்துக்கிட்டே இருந்தேன். அங்க பெரியவருக்கு இன்னொரு கரண்டி கேசரி வைக்கிறது, இங்க வந்து எட்டிப் பாக்குறது. ஒவ்வொரு தடவையும் காதுல ஒவ்வொண்ணு விழுகுது. ஒரு தடவ வந்தா கோகிலா பாடம் நடத்திக்கிட்டிருக்கா. "சிவந்திருக்கு, அம்புட்டுத்தாம்மா. மேல்தோல்தான். ஒரு வாரத்துல ஆறிரும். சின்னதாக் கொப்புளம் வந்தாலும் உடைச்சிராதீங்க. உள்ள இருக்கிற புதுத்தோலுக்கு அதுதான் மூடி. கொப்புளம் பெருசாயிட்டாலோ, சீழ் வச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் டாக்டரைப் பாருங்க."

அந்தம்மா கேட்டுக்கிட்டிருக்கு, முத பெஞ்சுப் பிள்ளை மாதிரி. அப்புறம் சொல்லுது, "முப்பது வருசமா அடுப்படியில நிக்கேன்மா. எத்தனையோ தடவ சுட்டிருக்கு. சேலையில துடைச்சுக்கிட்டு அடுத்த தோசைய ஊத்திருவேன். எரியுதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"இப்ப எரியுதாம்மா?"

"இல்லம்மா. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்க."

அடுத்த தடவ வந்தா சிரிக்கிறாக! கையைச் சுட்டுக்கிட்ட பொம்பளை தாயி, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிது. ஏதோ ஒரு பையன் லேபுல பரிசோதனைக் குழாயில டீ போட்ட கதைய இவ சொல்லிருக்கா. அதுக்கு அடுத்த தடவ வந்தா அந்தம்மா அழுகுது. எரிச்சல் தாங்கல போல. அப்பவே சொன்னேன், பேஸ்ட்டை விட்டுவச்சிருந்தா இந்த அழுகை எதுக்கு?

அந்த நேரம் டேங்க்குல தண்ணி தீந்து போச்சு. குழாய் புஸ்ஸுன்னு காத்து விடுது. அப்பாடா, முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். இவ அண்டா மூடியத் திறந்து, மக்கை எடுத்து மோந்து மோந்து ஊத்த ஆரம்பிச்சிட்டா. ஒரு கையால அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால ஊத்துறா.

ராஜ்மோகன் அப்பத்தான் அங்க வந்தான். எம்புட்டுப் பொறுமையா இருந்த பையன், பாவம். "என்னம்மா இது, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நேரம் ஆகுதுல்ல?"ன்னான். இவகிட்டத் திரும்பி, "நீங்க விட்டுருங்க. அம்மா எல்லாத்துக்கும் இப்பிடித்தான் ஊரைக் கூட்டுவாங்க"ன்னான். மாமியாரைப் பத்திக் கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வைக்கிறான் பாரு, அம்புட்டு வெள்ளை மனசு.

இவ நிமிந்து பாத்தா. பதட்டமும் இல்ல, கோவமும் இல்ல. "இன்னும் கொஞ்சம் ஊத்தணும்ங்க. எனக்குக் கை வலிக்குது. நீங்க கொஞ்ச நேரம் இந்த மக்கைப் பிடிக்கிறீங்களா?"ன்னு நீட்டுனா.

அவன் மக்கைப் பாத்தான். கீழ தேங்கிக் கிடந்த தண்ணியப் பாத்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட்டைப் பாத்தான். "நான் கார்ல இருக்கேன், முடிச்சிட்டுச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டான்.

பின்ன? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை குழாயடியில நின்னு தண்ணி ஊத்துவானா? கேக்குறவளுக்கு அறிவு வேணாம்? நானாச்சும் வாங்கி ஊத்திருப்பேன். எனக்குக் கேசரி கிண்டுன கை, வலி.

ஒரு வழியா ஊத்தி முடிச்சு, கையை ஒத்தி எடுத்து, வெளுத்த சுத்தமான துணியா ஒண்ணை எடுத்து லேசா, இறுக்காம, சுத்திவிட்டா. ரெண்டு பேரும் உள்ள வர்றாக. கடிகாரத்துல நாலரைக்கு இன்னும் ஒரு மூச்சு நேரம்தான் பாக்கி. நான் ஈரத்துணிய எடுத்துட்டுத் தட்டைத் தூக்கி நிக்கிறேன். கார்ல இருந்த பையனையும் கூப்பிட்டாச்சு. "ம், வாங்கிக்கங்க சம்பந்தியம்மா"ன்னு நீட்டுனேன்.

கனகமணி வாங்கல.

"இந்தச் சம்பந்தம் வேணாம்"னுச்சு.

சபையில அம்புட்டு நேரம் வாயே தொறக்காத பொம்பளை தாயி! பெரியவரோட கேசரிக் கரண்டி அப்பிடியே வாய்க்கிட்ட நின்னு போச்சு. "என்னடி பேசுற?"ன்னாரு. என் தம்பி, பாவம், "எங்க பிள்ளைகிட்ட ஏதாச்சும் குறையாம்மா?"ன்னு கேட்டான். அவன் அன்னைக்குப் பேசுனதே அது ஒண்ணுதான்.

"உங்க பிள்ளைகிட்டக் குறை இல்லண்ணே. எங்க வீட்டுலதான் குறை. இந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயி எங்க அடுப்படியில நிறுத்துனா, நாளைக்கு அது கையைச் சுட்டுக்கிட்டா தண்ணி ஊத்த ஆள் இருக்காது. எனக்கு மனசு வரல."

பேச்சைக் கேட்டியா? தண்ணி ஊத்த ஆள் இல்லையாம்! கார் வச்சிருக்கிற வீடு. ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சா ஊத்திட்டுப் போகுது. இதுக்காகவா ஒரு கல்யாணத்தை நிறுத்துவாக? எனக்குச் சட்டுனு விளங்கிருச்சு. பச்சைத் தண்ணிய அம்புட்டு நேரம் ஊத்துனதுல குளிர் மண்டைக்கு ஏறிருச்சு. வேற என்ன?

பையன் முகம் செவந்து போச்சு. "அம்மா, வீட்டுக்கு வா, பேசிக்கலாம்"னான். "வீட்டுக்குத்தான் வரப்போறேன். அங்கயும் இதைத்தான் சொல்லுவேன்"னுச்சு அந்தம்மா. நாலரை அடிச்சிருச்சு. தட்டு என் கையிலயே இருக்கு.

அவுக போனப்புறம் நான் கோகிலாவைப் பிடிச்சுக்கிட்டேன். "உண்மையச் சொல்லுடி, உனக்குப் பிடிச்சிருந்துச்சா, இல்லையா?"ன்னேன்.

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு அத்தை"ன்னா.

எனக்கு உசுரே வந்துச்சு. "அப்ப நான் திருமங்கலம் போயி, கால்ல கையில விழுந்தாச்சும்..."

"பையனை இல்ல அத்தை. அந்தம்மாவை."

சந்திரலீலா அடுப்படிக்குள்ள போயி என்னமோ பாத்திரத்தை உருட்டுனா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. என் தம்பி மோட்டாரைப் போடப் போனான். கவலைப்பட்டது அந்த வீட்டுல நான் ஒருத்திதான்.

கதை முடிஞ்சதுன்னு நினைக்காத. போன மாசம் வாசல்ல ஆட்டோ சத்தம். பாத்தா கனகமணி! ஒத்தையில வந்திருக்கு. திருமங்கலத்துல இருந்து தனியா பஸ் ஏறி வந்தது இதுதான் முத தடவையாம். கையைக் காமிச்சுச்சு. தழும்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. முதல்ல நான் பூசுன பேஸ்ட்டு கொஞ்சமாச்சும் உள்ள இறங்கியிருக்கும்ல? அதான்.

வந்த காரியம் எனக்கு விளங்காதா? மனசு மாறிருச்சு, சம்பந்தம் பேச வந்திருக்கு. நான் ஓடிப்போய் வெத்தலை பாக்கெல்லாம் எடுத்து வைக்கிறேன். அது என்னைத் தாண்டி உள்ள பாத்து, "கோகிலா இருக்காளா?"ன்னு கேக்குது. ரெண்டு பேரும் அடுப்படிக்குள்ள போனவுகதான். வெங்காயம் நறுக்குற சத்தம், சிரிப்புச் சத்தம். பக்கோடா வந்துச்சு. பேச்சு வரல.

நடுவுல ஒரு போன் வந்துச்சு. மகன்தான். சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருக்கான். பெத்தவ என்ன சொல்லணும்? "இந்தா கிளம்பிட்டேன் ராசா"ன்னுல சொல்லணும்? அந்தம்மா பக்கோடாவக் கடிச்சுக்கிட்டே சொல்லுது: "குழம்பு பிரிட்ஜுல இருக்கு, எடுத்துச் சூடு பண்ணிக்க. சட்டியத் துணி வச்சுப் பிடி." போனை வச்சிருச்சு.

பொறுக்க முடியாம நானே கேட்டேன். "பையனுக்கு வேற எடம் பாக்குறீகளா?"

"இப்பப் பாக்கலக்கா. சோறு வடிக்கப் பழகுறான். குழைச்சுக் குழைச்சு வைக்கிறான். அவுக அப்பா ஒண்ணும் சொல்ல முடியாமச் சாப்பிடுறாக"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிது. பேங்க் ஆபீசரை தாயி! அந்தச் சட்டைய இப்ப யாரு இஸ்திரி போடுறாகளோ, அதக் கேக்க எனக்கு மனசு வரல.

சரி, இப்ப நான் எதுக்கு மதுரைக்குப் போறேன்னு கேளு. அனுப்பானடிப் பக்கம் இன்னொரு வரன் இருக்கு. நான் பாத்ததுதான், வேற யாரு? கம்பியூட்டர் வேலையாம். இந்தத் தடவ கோகிலா ஒரே ஒரு நிபந்தனை போட்டுட்டா. பையனை முதல்ல அந்தக் கனகமணி பாத்துச் சொல்லணுமாம். நான் வேணும்னா கூடப் போகலாமாம். கூட! "இத்தனை வருசமா வரன் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டேன். அவ என் கன்னத்தைப் பிடிச்சுக் கொஞ்சிட்டுச் சொல்றா, "நீங்க சட்டையப் பாப்பீங்க அத்தை. அவுக ஆளைப் பாப்பாக." சட்டைக்குள்ளதான ஆளு இருக்கான்? ரெண்டும் ஒண்ணுதானே?

இந்தா, மாட்டுத்தாவணி வந்திருச்சு. அந்தாப் பாரு, பூக்கடைப் பக்கம் ஊதாச் சேலையில கனகமணி. நான் சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்து நிக்கிது. முன்னெல்லாம் தலையக் குனிஞ்சே நிக்கும், இப்ப என்னா நிமிந்து நிக்கிது!

நான் இறங்குறேன் தாயி. பையன் நல்லவனா அமைஞ்சா நான் பாத்த வரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிடுவேன். சரியில்லாமப் போனா, அந்தம்மா பாத்ததுன்னு சொல்லிருவேன். வரட்டுமா.